வெள்ளானூர் ஏரியில் இறங்கிய விமானங்கள்

ஜம்புலிங்கம்: தலைய தாழ்த்துடா இன்னாசி. உன் பைனாகுலர் வெயில்ல மின்னுது. சிப்பாய் பாத்தான்னா உளவாளின்னு இஸ்துகினு போய்டுவான்.

இக்னேஷியஸ்: இன்னாசி இல்ல. இக்னேஷியஸ். ரெண்டு வருஷம் காலேஜ்ல பக்கத்து பெஞ்சுல உட்கார்ந்தவன், பேரை முழுசா சொல்ல மாட்டேங்கிற.

ஜம்புலிங்கம்: உன் பேர முழுசா சொல்றதுக்குள்ள ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டுட்டு டீ குடிக்கப் போய்டுவான்.

இக்னேஷியஸ்: சிப்பாய் இல்ல. லாரில ஆவடிப் பக்கம் சோத்துக்குப் போயிருக்கான். வர நேரமாகும்.

ஜம்புலிங்கம்: அவன் எப்ப சோத்துக்குப் போவான், எப்ப வருவான்னு கொரட்டூர்ல கீறவனுக்கு எப்டிரா தெரியும்?

இக்னேஷியஸ்: ...ஊகம்தான். சிப்பாயா இருந்தாலும் மத்தியானம் பசிக்கும்.

ஜம்புலிங்கம்: சரி, பாரு. நல்லா பாரு. அதுக்குத்தான உன்ன கூப்ட்டேன்.

இக்னேஷியஸ்: நீ எங்க கூப்பிட்ட? ஏரிக்கு வர்றியான்னு நான்தான் ஸ்டேஷன்ல கேட்டேன்.

ஜம்புலிங்கம்: நீ கேக்கறதுக்கு முந்தியே உன்ன கூப்பிடணும்னு நான் மனசுல நெனச்சாச்சு.

இக்னேஷியஸ்: அப்படியே இருக்கட்டும். இப்ப ஒரு கேள்வி. அந்த ஆறு ப்ளேனும் உன் கண்ணுக்கு எப்படித் தெரியுது?

ஜம்புலிங்கம்: ப்ளேன் மாதிரி தெரியுது.

இக்னேஷியஸ்: மாதிரியா?

ஜம்புலிங்கம்: ப்ளேனாவே தெரியுது. ஏன், உனக்கு எப்டி தெரியுது?

இக்னேஷியஸ்: எனக்கென்ன சந்தேகம். வெள்ளைக்காரனோட சண்டை ப்ளேன். ஹரிக்கேன். மூக்கைப் பார்த்தியா, முதுகுல அந்தக் கூனலைப் பார்த்தியா. சுத்தமான ஹரிக்கேன்.

ஜம்புலிங்கம்: நெசமான ஹரிக்கேன்.

இக்னேஷியஸ்: நிஜம்னு தனியா எதுக்குச் சொல்ற?

ஜம்புலிங்கம்: நீ சுத்தமானன்னு எதுக்கு சொன்னியோ அதுக்குத்தான்.

இக்னேஷியஸ்: கலரைக் கவனிச்சியா? மணல் கலர். எகிப்துல, பாலைவனத்து விமானதளத்துல இருந்து நேரா வந்திருக்கு. அங்க மணலோட மணலா நின்னா மேல இருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது.

ஜம்புலிங்கம்: இங்க தெரியுமே. பக்கத்துல கருவேலஞ்செடி பச்சையா கீது.

இக்னேஷியஸ்: ஏரி வத்திப் பாளம் பாளமா வெடிச்சிருக்கே, இது பாலைவனம் இல்லாம வேற என்ன? ஒட்டகம் ஒண்ணுதான் குறை.

ஜம்புலிங்கம்: அதான் எனக்குப் புரியல மச்சான். ஊருல எடமே இல்லாத மாதிரி ஏரிக்குள்ள கொண்டாந்து எறக்கிகீறான். ஐப்பசில தண்ணி ரொம்பிச்சின்னா?

இக்னேஷியஸ்: அதுக்குள்ள யுத்தம் முடிஞ்சிடும்.

ஜம்புலிங்கம்: வெள்ளக்காரன் சொன்னானா?

இக்னேஷியஸ்: இல்லாட்டி மிதக்கிற ப்ளேனா மாத்திக்குவான். விஞ்ஞானம் எங்கேயோ போயிட்டிருக்கு, நீ ஐப்பசியைப் பத்திப் பேசற.

ஜம்புலிங்கம்: அதென்ன உன் நகத்துல மணல் கலரு?

இக்னேஷியஸ்: இதுவா... மாம்பழம்.

ஜம்புலிங்கம்: எந்த ஊரு மாம்பழம்டா இந்த கலர்ல கீது?

இக்னேஷியஸ்: யுத்த காலத்து மாம்பழம். உன் உள்ளங்கையில என்ன கொப்புளம்?

ஜம்புலிங்கம்: பால் பொங்கிச்சு. கையாலயே எறக்கிட்டேன்.

இக்னேஷியஸ்: நடு உள்ளங்கையில, காசு அளவுக்கு வட்டமாவா பால் பொங்கும்?

ஜம்புலிங்கம்: யுத்த காலத்து பால். இன்னாடா மோந்து மோந்து பாக்கற?

இக்னேஷியஸ்: உன் மேல புளியங்கொட்டைப் பசை வாசனை வருது.

ஜம்புலிங்கம்: பட்டம் ஒட்டினேன். பட்டம் உட்றது தப்பா?

இக்னேஷியஸ்: இருபது வயசுக்கு மேல கொஞ்சம் தப்புதான். பைனாகுலரைப் பிடி. நீயும் பார்த்துட்டு உன் வாயால சொல்லு. இந்த ப்ளேனெல்லாம் பார்த்தா என்ன தோணுது?

ஜம்புலிங்கம்: ஷோக்கா கீது. பெருமையா கீது. பயமா கீது.

இக்னேஷியஸ்: மூணுமா?

ஜம்புலிங்கம்: எது வேணுமோ எடுத்துக்கோ. ஆமா, இந்த பைனாகுலர் ஏது?

இக்னேஷியஸ்: மாமாவோடது. கிண்டில குதிரை பார்க்க வாங்கினார்.

ஜம்புலிங்கம்: எம்மாம் நேரமா பாக்கறோம், ஒன்னுகூட பறக்கலியே.

இக்னேஷியஸ்: பெட்ரோல் சிக்கனம்.

ஜம்புலிங்கம்: காத்தடிச்சா றெக்க ஆடுது.

இக்னேஷியஸ்: அலுமினியம். லேசு.

ஜம்புலிங்கம்: அதானே. நானும் அலுமினியம்னுதான் நெனச்சேன். கெட்டி அலுமினியம்.

இக்னேஷியஸ்: அந்த கடைசி ப்ளேன் மூக்குல காக்கா உட்கார்ந்து எதையோ உருவுதே...

ஜம்புலிங்கம்: ஒயரு. காக்காவுக்கு ஒயருன்னா உசுரு.

இக்னேஷியஸ்: ஆமா. படிச்சிருக்கேன்.

பூங்காவனம்: யாருப்பா அது கரைமேல படுத்துகினு கீறது? ஜம்புவா?

ஜம்புலிங்கம்: ஒன்னுமில்ல பூங்காவனக்கா. சும்மா நெழல்ல... குந்துக்கா, நின்னா தூரத்துக்கு தெரியும்.

பூங்காவனம்: நெழலே இல்லாத எடத்துல நெழலுக்குப் படுத்துகினு கீறியா? இந்த தம்பி யாரு?

ஜம்புலிங்கம்: என்கூட படிச்ச பையன். கொரட்டூரு. இன்னாசி, இது எங்க தெருவுக்காரங்க. எங்க ஊட்டுக்கு மூணாவது ஊடு.

இக்னேஷியஸ்: இக்னேஷியஸ்.

பூங்காவனம்: நல்லாருப்பா இன்னாசி. ஜம்பு, என் லச்சுமிய பாத்தியா? காலைலர்ந்து காணோம். கன்னுக்குட்டி கத்திகினே கீது.

ஜம்புலிங்கம்: இங்க எதுக்குக்கா வருது? புல்லு பூண்டு கெடையாது. அந்தாண்ட முள்ளுக்கம்பி கட்டிகீறான்.

பூங்காவனம்: கம்பிக்கு உள்ள எதுனா போனா?

ஜம்புலிங்கம்: போர்டு வெச்சிகீறானே. மனுசனோ மாடோ, சுட்டுடுவான். போன வாரம் ஒரு நாய சுட்டான்.

பூங்காவனம்: நாயா... மாட்ட சுட மாட்டான்ல?

ஜம்புலிங்கம்: சும்மா இருக்கா. மாடு எதுக்கு உள்ள போவப்போவுது.

இக்னேஷியஸ்: ஜம்பு.

ஜம்புலிங்கம்: இன்னா?

இக்னேஷியஸ்: அம்மா, உங்க மாடு என்ன கலரு?

பூங்காவனம்: செவல. நெத்தில வெள்ள.

இக்னேஷியஸ்: ஜம்பு, மூணாவது ப்ளேன் பின்னாடி பாரு.

பூங்காவனம்: இன்னாப்பா? சொல்லேன்.

ஜம்புலிங்கம்: கீது. லச்சுமிதான்.

பூங்காவனம்: இன்னா பண்ணுது?

ஜம்புலிங்கம்: நிக்குது.

பூங்காவனம்: நிக்குதா, துன்னுதா?

ஜம்புலிங்கம்: நின்னுகினு... வால நக்குது.

பூங்காவனம்: அதோட வாலயா?

இக்னேஷியஸ்: ப்ளேனோட வாலை. இது சகஜம்தாம்மா. ப்ளேன் கடல் தாண்டி வந்திருக்கா, உப்பு படிஞ்சிருக்கும். மாட்டுக்கு உப்பு பிடிக்கும்.

பூங்காவனம்: அதான் சங்கதியா.

ஜம்புலிங்கம்: உப்புதான். உப்பில்லாம வேற இன்னா கீது அதுல.

பூங்காவனம்: அந்த வாயில இன்னாப்பா தொங்குது, இங்கர்ந்தே தெரியுது? வைக்கோலு மாதிரி?

ஜம்புலிங்கம்: ஒயரு.

பூங்காவனம்: மஞ்சளாவா?

இக்னேஷியஸ்: மணல் கலர். பாலைவனத்து ஒயர்.

பூங்காவனம்: இப்ப இன்னாமோ கீழ உழுந்துதே.

ஜம்புலிங்கம்: வாலு.

பூங்காவனம்: ஏரோப்ளேன் வால என் மாடு ஒடச்சிட்டுதா?

இக்னேஷியஸ்: இல்ல இல்ல. இந்த ரகத்துல வாலைக் கழட்டி மாட்டலாம். சுத்தம் பண்ண வசதி.

ஜம்புலிங்கம்: கழண்டுச்சு, அவ்ளோதான். நீ கவலப்படாதக்கா.

பூங்காவனம்: நான் வாலுக்கா கவலப்படறேன்? சிப்பாயி வந்து சுட்டுட்டான்னா? அது ஒன்னுதாம்பா ஊட்ல பால் குடுக்கறது. வூட்டுக்காரரு ரங்கோன்லர்ந்து நடந்தே வரேன்னு சொன்னவரு இன்னும் வந்துகினேகீறாரு. கன்னுக்குட்டி வேற பொறந்து முழுசா ஒரு மாசம் ஆவல.

இக்னேஷியஸ்: சிப்பாய் வர நேரமிருக்கு. அதுக்குள்ள மாடு தானா வந்துடும். உப்பு அலுத்துப் போகும்.

பூங்காவனம்: அப்ப அது இன்னா தூசி?

இக்னேஷியஸ்: எது?

பூங்காவனம்: ஆவடி ரோட்ல. தூசி கெளம்பிகினு வருதே.

இக்னேஷியஸ்: ...ஜீப்பு. லாரி இல்ல, ஜீப்பு. முன்னாடி துரை உட்கார்ந்திருக்கார். பின்னால துப்பாக்கியோட ரெண்டு பேர்.

பூங்காவனம்: தொர இன்னிக்கு எதுக்கு வர்றாரு? இன்னிக்கு வர மாட்டாரே.

ஜம்புலிங்கம்: வாசல் வரைக்கும் சுத்திகினுதான் வரணும். நடுவுல வாய்க்கா பாலம் கீது. கொஞ்சம் நேரம் கீது.

பூங்காவனம்: ஜம்பு, நான் உள்ள போறேன்.

ஜம்புலிங்கம்: நீ போனா உன்னயும் சுடுவான். குந்துக்கா.

இக்னேஷியஸ்: யாராவது போய்த்தான் ஆகணும்.

ஜம்புலிங்கம்: ஆமா. யாருனா போவணும்.

இக்னேஷியஸ்: உள்ள போகக்கூடிய ஆள் யாராவது...

ஜம்புலிங்கம்: ஆமா. அப்டி யாருனா இருந்தா நல்லாருக்கும்.

பூங்காவனம்: ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் எதுக்கு பாத்துகினு கீறீங்க? என் மாடு சாவப்போவுது.

ஜம்புலிங்கம்: எழவு. நான் போறேன்.

இக்னேஷியஸ்: பைத்தியமா உனக்கு? சுட்டுடுவான்டா.

ஜம்புலிங்கம்: சுட மாட்டான்.

இக்னேஷியஸ்: எப்படிச் சொல்ற?

ஜம்புலிங்கம்: என்கிட்ட பில்ல கீது.

இக்னேஷியஸ்: என்ன பில்லை?

ஜம்புலிங்கம்: தகர பில்ல. இடுப்புல முடிஞ்சிகினு கீறேன். இத காட்டினா உள்ள உட்டுடுவான். இன்னாசி, சொல்லக்கூடாது, ஆனா சொல்லிட்டேன். அந்த ஆறு ப்ளேனுக்கும் துணி ஒட்டினதே நான்தான். மூங்கில் கட்டி, வைக்கோல் திணிச்சு, சாக்கு சுத்தி, புளியங்கொட்டப் பசைய காய்ச்சி மேல பூசி... அதான் மாடு அப்டி நக்குது. இந்த வேலய எடுத்துகீற கான்ட்ராக்டரு மாரியம்மன் எதிர்ல சூடம் கொளுத்தி உள்ளங்கையால அணைக்க வெச்சு சத்தியம் வாங்கிகீறாரு. யாருக்கும் சொல்லாத. மன்னிச்சுக்கடா. நீ ஹரிக்கேன், கூனல்னெல்லாம் அவ்ளோ ஆசையா சொல்லிகினு இருந்த.

இக்னேஷியஸ்: இதைப் பாரு.

ஜம்புலிங்கம்: இது இன்னா... இதுவும் பில்லயா?

இக்னேஷியஸ்: பெயின்ட். ஆறுக்கும் நான்தான். அந்தக் கூனலே நான் நிழல் போட்டு வரைஞ்சதுதான்.

ஜம்புலிங்கம்: உன்ன எங்கடா அங்க? நான் பாத்ததேயில்ல.

இக்னேஷியஸ்: பசை காயணும்னு நீங்க போனப்புறம்தான் எங்க ஆளுங்களை கான்ட்ராக்டர் உள்ள விடுவார். மணல் கலர் டப்பாதான் கிடைச்சுதாம், எகிப்துக்குப் போக வேண்டியது தவறி இங்க வந்திருச்சு. என்னை பைபிள் மேல கை வைக்கச் சொன்னார்.

ஜம்புலிங்கம்: கொப்புளமே இல்லாம தப்பிச்சிட்ட.

இக்னேஷியஸ்: மதத்துக்கு மதம் வித்தியாசம். அப்ப இன்னிக்கு நீ என்னை எதுக்குக் கூப்பிட நினைச்ச?

ஜம்புலிங்கம்: படிச்சவன் ஒருத்தன கூட்டிகினு வந்து காட்டு, நெசம்னு நம்பறானா பாருன்னாரு. நீ?

இக்னேஷியஸ்: ஊர்க்காரன் ஒருத்தனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுன்னார். பைனாகுலர்கூட அவரோடதுதான்.

ஜம்புலிங்கம்: நான் இன்னா சொல்லட்டும் அவராண்ட?

இக்னேஷியஸ்: முழுசா நம்பினான்னு சொல்லு. உன்னைப் பத்தி நானும் அதையே சொல்றேன்.

பூங்காவனம்: ஜீப்பு பாலத்துக்கு வந்துட்டுது.

ஜம்புலிங்கம்: போறேன். கயிறு குடுக்கா.

பூங்காவனம்: கயிறா... கயிறு கொண்டாரலயே.

ஜம்புலிங்கம்: மாடு தேட வந்தவ கயிறில்லாம... சரி சரி, என் துண்டு கீது.

இக்னேஷியஸ்: குனிஞ்சு ஓடாத. நிமிர்ந்து நட. உள்ள வேலை செய்யறவன் மாதிரி நட.

பூங்காவனம்: போய்ட்டானா? நீ கண்ணாடில பாத்து சொல்லு தம்பி.

இக்னேஷியஸ்: கம்பி தாண்டிட்டான்... மாட்டுகிட்ட போயிட்டான். துண்டைக் கழுத்துல போடறான். மாடு வரல.

பூங்காவனம்: வராது. துன்னுகினு இருக்கறப்ப நான் கூப்ட்டாலே வராது. வால முடிச்சிட்டுதா?

இக்னேஷியஸ்: வாலை முடிச்சு வயித்துக்கு வந்திருச்சு. ஏம்மா, ப்ளேனெல்லாம் பொம்மைன்னு சொன்னோமே, நீங்க ஆச்சரியமே படலியே?

பூங்காவனம்: ஆச்சரியப்பட்டா மாடு வந்துடுமா? அது சரி, பொம்மய எதுக்கு வெச்சிகீறாங்க?

இக்னேஷியஸ்: அதுதான் யுக்தி. நிஜமான ப்ளேனெல்லாம் வேற எங்கயோ மறைச்சு வச்சிருக்கு. ஜப்பான்காரன் மேல வருவான், கீழே இதைப் பார்ப்பான், ஆகா கிடைச்சுதுன்னு குண்டையெல்லாம் இங்க கொட்டிட்டுத் திரும்பிப் போயிடுவான். நிஜமானது பத்திரமா இருக்கும்.

பூங்காவனம்: குண்ட எங்க கொட்டுவான்?

இக்னேஷியஸ்: இங்க.

பூங்காவனம்: இங்கன்னா?

இக்னேஷியஸ்: ஏரிக்குள்ள.

பூங்காவனம்: அவ்ளோ ஒசரத்துலர்ந்து போட்டா சரியா ஏரிக்குள்ளயே உழுவுமா?

இக்னேஷியஸ்: கொஞ்சம் முன்னப் பின்ன விழும்.

பூங்காவனம்: முன்னன்னா அந்தாண்ட வெள்ளானூரு. பின்னன்னா?

இக்னேஷியஸ்: பின்னன்னா... இந்தக் கரை. கரைக்குக் கீழ...

பூங்காவனம்: எங்க தெருவு. கூர எல்லாம் பனையோல. ஜம்பு ஊடும் அதான்.

இக்னேஷியஸ்: அதை நான் யோசிக்கல. கூனல் சரியா வரணும்கிற கவலையிலேயே இருந்துட்டேன்.

பூங்காவனம்: உன்ன யாரு குத்தம் சொன்னா. பட்டணத்துலர்ந்து குண்டுக்கு பயந்துகினு வண்டி கட்டி வந்தவங்க பாதி பேரு எங்க தெருவுலதான் குடியிருக்காங்க. பாவம், இங்க பத்திரமாம். ஜீப்பு?

இக்னேஷியஸ்: வாசலுக்கு வந்திருச்சு. துரை இறங்கறார். சிப்பாய் துப்பாக்கியை எடுக்கறான்... மாட்டைக் குறி பார்க்கிறான்.

பூங்காவனம்: ஐயோ லச்சுமி.

இக்னேஷியஸ்: இருங்க. ஜம்பு நடுவுல போய் நிக்கறான். பில்லையைத் தூக்கிக் காட்டறான். சலாம் வைக்கிறான். மாடு அவன் பின்னால நின்னு சாப்பிடுது.

பூங்காவனம்: இன்னா பேசறாங்க?

இக்னேஷியஸ்: பைனாகுலர்ல கேட்காதும்மா... துரை வாலைக் காட்டறார். வால் இருந்த இடத்தைக் காட்டறார். ஜம்பு கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொல்றான். அவன் இங்கிலீஷ் பரீட்சையில தேறாதவன் வேற. துரை மாட்டையும் ப்ளேனையும் மாத்தி மாத்திப் பார்க்கறார். சிப்பாய் இன்னும் துப்பாக்கியை இறக்கல.

பூங்காவனம்: சொல்லேன்.

இக்னேஷியஸ்: துரை... தோள்ல தட்டறார். ஜம்பு தோள்ல. இப்ப மாட்டையும் தட்டறார்.

பூங்காவனம்: மாட்டயா?

இக்னேஷியஸ்: ஜீப்பு திரும்புது. துப்பாக்கியை இறக்கிட்டான். ஜம்பு மாட்டை ஓட்டிட்டு வர்றான்.

ஜம்புலிங்கம்: இந்தா புடி உன் லச்சுமிய. ப்ளேன உட்டு வரவே மாட்டேன்னுட்டுது. தேரு மாதிரி இஸ்துகினு வந்தேன்.

இக்னேஷியஸ்: என்னடா சொன்ன துரைகிட்ட?

ஜம்புலிங்கம்: வாட் ஈஸ் திஸ்னாரு. கவ் சார்னேன். அது தெரியுதுன்னாரு. வாலு எங்கன்னாரு. வார்ல போச்சு சார்னேன்.

இக்னேஷியஸ்: வார்லயா?

ஜம்புலிங்கம்: பாலைவனத்துல சண்ட போட்டுட்டு வந்த ப்ளேன் புத்தம் புதுசா பளபளன்னு நின்னா ஜப்பான்காரன் நம்புவானா சார்? அங்க ஒரு கடி, இங்க ஒரு கடி அடிபட்டு இருந்தாத்தான் நம்புவான். மனுசன் ஒடச்சா ஒடச்ச மாதிரியே இருக்கும், அதுக்குத்தான் கான்ட்ராக்டரு மாட்ட உட்டு பண்றாருன்னேன்.

இக்னேஷியஸ்: இதை இங்கிலீஷ்லயா சொன்ன?

ஜம்புலிங்கம்: பாதி இங்கிலீஷு, பாதி கையி. அவரு மாட்டயே பாத்தாரு. எனக்கு உசுரே போய்டுச்சு. அப்பால தட்டிக் குடுத்து, வெரி நேச்சுரல்னாரு.

இக்னேஷியஸ்: கான்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா?

ஜம்புலிங்கம்: தொர பாராட்டினாருன்னா இது தன்னோட யோசனன்னு அவரே சொல்லிப்பாரு. இன்னொன்னு கேளு. மீதி அஞ்சு ப்ளேனுக்கும் இதே மாதிரி வேணுமாம். நாளைக்கு மாட்ட கொண்டாரச் சொல்லிகீறாரு. சிப்பாயாண்டயும் சொல்லிட்டாரு, மாட்ட சுடாதன்னு.

இக்னேஷியஸ்: அஞ்சையும் தின்னுட்டா ஏரியில என்னடா மிஞ்சும்?

ஜம்புலிங்கம்: மூங்கிலு. ஏன், உனக்கு இன்னா போவுது?

இக்னேஷியஸ்: ஒண்ணும் போகல. உங்க தெரு மிஞ்சும். அப்புறம் சொல்றேன்.

ஜம்புலிங்கம்: பூங்காவனக்கா, இன்னிக்கு ஏதோ தப்பிச்சுது. ஆனா ஒன்னு எனக்குப் புரியல. மாடு அறுத்துகினு வந்திருந்தா கழுத்துல அறுந்த கயிறு தொங்கணும். முளைய புடுங்கிகினு வந்திருந்தா முளையும் கூட வரணும். இதுங்கழுத்துல ஒன்னுமே இல்ல. இனிமேலாவது நல்லா கட்டி வைக்கா.

பூங்காவனம்: கட்டித்தாம்பா வெச்சிருந்தேன். விடிகாலைல அவுத்து, கம்பி தாழ்வா கீற எடம் வரைக்கும் ஓட்டிகினு வந்து உட்டதே நாந்தான். பொம்ம நின்னா குண்டு நம்ம தெருவுலதான் உழும்னு எனக்கு அப்பவே தெரியும். இந்தா பாரு என் உள்ளங்கையி, உனக்கு கீற அதே கொப்புளம். என் போரு வைக்கோலத்தான் கான்ட்ராக்டரு வாங்கி அதுல திணிச்சாரு. வாய தொறக்க மாட்டேன்னு எனக்கும் சூடம் அணைக்க வெச்சாரு. நான் வாய தொறக்கல, மாட்டோட வாயத்தான் தொறந்து உட்டேன். எம்மாம் துன்னுகீதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்... ஒரு மாட்டால ஆவாது ஜம்பு, நாளைக்கு உங்க ஊட்டு ரெண்டையும் ஓட்டிகினு வா.